புது ராக் ஆல்பம் வந்தால் முதலில் ஷஃபிளை அணையுங்கள்

2015 ஜூலையிலிருந்து உலகமெங்கும் புது ஆல்பங்களுக்கு வெள்ளிக்கிழமைதான் வெளியீட்டு நாள். பாட்டைப் போடும் முன் செட்டிங்ஸைப் பாருங்கள். கிராஸ்ஃபேட் பூஜ்ஜியத்தில் இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒரு பாட்டின் கடைசி கிட்டார் ரீங்காரத்தின் மேலேயே அடுத்த பாட்டின் டிரம்ஸ் வந்து விழும். ஷஃபிள் வேண்டவே வேண்டாம். ஸ்பாட்டிஃபை ஒலியளவைச் சுமார் மைனஸ் 14 எல்யூஎஃப்எஸ்ஸுக்கு (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு) சமன் செய்கிறது. ஆல்பத்தை வரிசையாகக் கேட்டால் மொத்த ஆல்பத்துக்கும் ஒரே அளவு மாற்றம்தான். ஷஃபிளில் ஒவ்வொரு பாட்டுக்கும் தனிக்கணக்கு. விளைவு, கிசுகிசுப்பான அகூஸ்டிக் பாட்டும் முழு பேண்டும் அலறும் பாட்டும் ஒரே சத்தத்தில் கேட்கும். அமைதிக்குப் பின் வெடிக்கும் அந்த அடிதான் ராக்கின் உயிர், அதுவே போய்விடும்!

ப்ளூடூத்தில் முதலில் அடிபடுவது சிம்பல், அதாவது டிரம்ஸோடு இருக்கும் உலோகத் தட்டின் ஒலி. 'சர்ர்' என்று மணல் இறைத்த மாதிரி கேட்டால் வயர் ஹெட்ஃபோனுக்கு மாறுங்கள்.

பிடித்துப்போன இண்டி (பெரிய நிறுவனம் சாராத) பேண்டின் ஆல்பத்தை, கலைஞர்கள் நேரடியாக இசை விற்கும் பேண்ட்கேம்ப் தளத்தில் வாங்குங்கள். டிஜிட்டல் விற்பனையில் தளம் எடுப்பது பொதுவாக 15 சதவீதம். பணப் பரிமாற்றக் கட்டணம் தனி. டவுன்லோடில் எம்பி3-யை விட்டு, ஒலித்தரம் குறையாத ஃப்ளாக் ஃபைலை எடுங்கள். பின்னால் எந்த வடிவத்துக்கும் அந்த மூலத்திலிருந்தே மாற்றிக்கொள்ளலாம்.