நயாகரா போகிற வழியில் ஒரு எல்எஸ்6

பஃபலோவில் இறங்கும் நம்மவர்கள் ஐ-190 சாலையைப் பிடித்து நேரே நயாகரா அருவிக்குத்தான் போவார்கள். வழியில் ஆற்றோரமாக, டோனவாண்டாவில் 1938 முதல் நடக்கும் ஜெனரல் மோட்டார்ஸ் எஞ்சின் ஆலையை யாரும் கண்டுகொள்வதில்லை. என் நண்பருக்கோ அதுதான் கோயில். ஜிஎம்மின் செவர்லே செவெல் காரின் ஸ்போர்ட்டி வகையான 1970 எஸ்எஸ்ஸில் ஆப்ஷனாகக் கிடைத்த எல்எஸ்6 எஞ்சின் இங்கே செய்ததுதான். 454 கன அங்குலம், 450 குதிரைத்திறன். அதோடு வெளிவந்தவை 4,475 வண்டிகள்.

ஆலையை வெளியே நின்று பார்த்தோம். பெரிய கட்டடம், அவ்வளவுதான். உண்மையான வேலை பக்கத்து ஊரில், ஒருவர் வீட்டு கராஜில். அவர் விற்கும் செவெல் அசல் எல்எஸ்6தானா என்று பார்க்க வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், அந்த வருடத்து செவெல் சேசிஸ் நம்பரில் எஞ்சின் வி8 (எட்டு சிலிண்டர்) என்பது மட்டும்தான் தெரியும். எந்த வி8, எஸ்எஸ்ஸா இல்லையா, எதுவும் இருக்காது. அதே காலத்து கிரைஸ்லர் கார்களில் சேசிஸ் நம்பரின் ஐந்தாவது எழுத்தே எஞ்சினைக் காட்டிக் கொடுத்துவிடும். எஸ்எஸ் பட்டை, வட்ட மீட்டர், பேட்ஜ் எல்லாமே இன்று புதிதாகக் கிடைக்கின்றன. பொறுமை இருந்தால் மாலிபு என்கிற சாதா செவெலை எஸ்எஸ் ஆக்கிவிடலாம். நம்பத் தகுந்தது தொழிற்சாலையின் பில்ட் ஷீட், அதாவது அந்த வண்டியில் என்னென்ன பொருத்த வேண்டும் என்ற பட்டியல். பெரும்பாலும் பெட்ரோல் டேங்கின் மேல்பக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும். இந்த வண்டியில் அதை எலி தின்றுவிட்டதாம்!

சரி, எஞ்சினையே பார்ப்போம் என்று நண்பர் டார்ச்சோடு குனிந்தார். வலது சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால், எஞ்சினின் அடிப்படை உடலான பிளாக்கில் சின்னதாக ஒரு சமதளம். 'டி0302சிஆர்வி' என்று அடித்திருந்தது. டி என்றால் டோனவாண்டா, 0302 என்றால் மார்ச் 2, சிஆர்வி என்றால் நாலு கியர் எல்எஸ்6. பக்கத்திலேயே சேசிஸ் நம்பரின் பிற்பகுதி. எல்லாம் கச்சிதம். ஆனால் அந்த இடம் வழவழவென்று இருந்தது. ஆலையில் இயந்திரம் சீவிய மெல்லிய கோடுகள் அங்கே தெரிய வேண்டும். ரீபில்ட் செய்யும்போது இழைத்தாலும் கோடுகள் போகும்தான், ஆனால் கூடவே பழைய எழுத்துகளும் போய்விடுமே? அப்படியென்றால் இவை பிறகு யாரோ அடித்ததாக இருக்கலாம்.

அப்புறம் பிளாக் வார்ப்பிலேயே வரும் தேதியைத் தேடினார். அழுக்கைச் சுரண்டியதும் 'இ 4 0' தெரிந்தது. இ (E) ஆங்கிலத்தில் ஐந்தாவது எழுத்து, ஐந்தாவது மாதம்; அதாவது 1970 மே 4. கார் பாடியின் தகட்டிலோ மார்ச் இரண்டாம் வாரம். மார்ச்சில் கட்டிய காரில் மே மாதம் வார்த்த எஞ்சின் எப்படி வரும்?

"நான் வாங்கும்போதே இப்படித்தான் இருந்தது" என்றார் உரிமையாளர். பொய் சொல்கிற முகமாகத் தெரியவில்லை. எல்எஸ்6 விலை தர முடியாது என்றார் நண்பர். உரிமையாளரும் விலையில் இறங்கி வரவில்லை. காபி கொடுத்து அனுப்பினார்.

பாலம் தாண்டி கனடா பக்கம் போனதும் நண்பருக்கு வேறு யோசனை. முதலில் கனடாவில் விற்ற வண்டியென்றால், ஜிஎம் கனடாவின் பழைய பதிவுகளிலிருந்து அது என்னென்ன ஆப்ஷனோடு போனது என்று எழுதி வாங்கலாம். அமெரிக்காவில் விற்ற செவெலுக்கு அந்த வசதி இல்லை. அதனால் இனி ஒன்டாரியோ விளம்பரங்களில்தான் தேடப்போகிறாராம். விலை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லையாம்.