கை பார்த்துத் திருத்த ஓர் ஆள்

கீபோர்டு கிளாஸ், பாட்டு கிளாஸ் என்று பேச்சு வந்தாலே யாராவது ஒருவர் இளையராஜாவை இழுத்துவிடுவார். "ராஜா சார் எந்தக் காலேஜ்ல படிச்சார்?" என்று கேட்டுவிட்டால் போதும், எதிரே இருப்பவர் வாயை மூடிக்கொள்வார். இது எனக்குத் தீராத வருத்தம். ஏனென்றால் அவர் படித்தவர். பண்ணைப்புரத்தில் 1943இல் பிறந்து, பதின்வயதிலேயே அண்ணன் பாவலர் வரதராசனின் குழுவில் சேர்ந்து, கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் ஆர்மோனியம் வாசித்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார். அந்தப் பாதிக் கதை எல்லோருக்கும் தெரியும். 1968இல் சென்னைக்கு வந்த பிறகு தன்ராஜ் மாஸ்டரிடம் உட்கார்ந்து மேற்கத்திய இசையை அடிப்படையிலிருந்து கற்றதும், டிரினிட்டி இசைக் கல்லூரியின் கிளாசிக்கல் கிட்டார் தேர்வுகளை எழுதியதும், இசையமைப்பாளர் ஜி.கே. வெங்கடேஷிடம் உதவியாளராக வேலை பார்த்ததும் மீதிப் பாதி. அவர் இசையமைத்த முதல் படமான 'அன்னக்கிளி' 1976இல் வந்தது. இடையில் எட்டு வருஷம் இருக்கிறது. நாம் அந்த எட்டு வருஷத்தைத் தாண்டிக் குதித்துத்தான் கதை சொல்கிறோம்.

நான் தூத்துக்குடி மாவட்டத்துக்காரன். லைட் மியூசிக் குழுக்களில் கீபோர்டு வாசித்துத்தான் பிழைப்பு. இப்போது பாளையங்கோட்டையில் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்கிறேன். எங்கள் பக்கத்துக் கீபோர்டு பிளேயர்களில் பாதிப் பேர் சர்ச்சில் இருந்து வந்தவர்கள். நான் இந்துப் பையன் என்றாலும், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பக்கத்துத் தெரு சர்ச்சில் கீபோர்டைத் தொட விட்டார்கள். காயரில், அதாவது சர்ச் பாடகர் குழுவில் இருந்த ஓர் அண்ணன் மூன்று கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) காட்டிக்கொடுத்தார். மீதியெல்லாம் டேப் ரெக்கார்டர்தான். ஒரு பாட்டின் இன்டர்லூடை, அதாவது இடையிசையை எடுக்க வேண்டுமென்றால் ரீவைண்ட் செய்து, ரீவைண்ட் செய்து, நாடா தேய்கிற வரை கேட்பேன். அந்தக் கேள்வி ஞானம் இன்றைக்கும் சோறு போடுகிறது. மேடையில் யாரோ துண்டுச்சீட்டில் ஒரு பழைய பாட்டை எழுதி அனுப்பினால், பல்லவியை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டு உடனே வாசித்துவிடுவேன்.

அப்புறம் முப்பது வயதை ஒட்டி, சென்னையில் ரெக்கார்டிங் வாய்ப்புத் தேடிப் போனபோது, சினிமா ஆர்க்கெஸ்ட்ராவில் வயலின் வாசித்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவரிடம் ஸ்டாஃப் நொட்டேஷன் (ஐந்து கோட்டில் இசையை எழுதும் மேற்கத்திய முறை) கற்கச் சேர்ந்தேன். சாலிகிராமத்தில் ஒரு மாடி அறை. சுவரோரமாகப் பழைய ஸ்கோர் ஷீட்டுகள் அடுக்கியிருந்தன. அவர் நொட்டேஷனைப் பற்றிப் பேசவே இல்லை. "சி மேஜர் ஸ்கேலை மேலே வாசி தம்பி" என்றார். வாசித்தேன். "நிறுத்து. கட்டைவிரல் எங்கே இருக்கு?" என்றார்.

கட்டைவிரல் கீபோர்டுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. ஆர்மோனியம் வாசிக்கிற பழக்கத்தில் நாங்கள் பல பேர் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் வைத்தே காலத்தை ஓட்டுகிறோம். அந்த ஸ்கேலில் ச ரி க வாசித்து மத்யமம் (ம) வரும்போது கட்டைவிரல் உள்ளங்கைக்கு அடியில் நுழைந்து வந்து மத்யமத்தைப் பிடிக்க வேண்டும். அப்படிப் பிடித்தால் மேல் ஷட்ஜம் (ச) வரைக்கும் ஐந்து விரலும் வரிசையாகக் கிடைக்கும், கை துள்ளாது. வேகமான இன்டர்லூடுகள் எனக்கு ஏன் எப்போதும் பாதியில் இழுத்துக்கொண்டன என்று அந்த மாடி அறையில்தான் புரிந்தது. இத்தனை வருஷம் ஆயிரக்கணக்கானோர் முன்னால் வாசித்திருக்கிறேன். யாரும் என் கையைப் பார்த்ததில்லை, எல்லோரும் கேட்டார்கள், அவ்வளவுதான். ஆசிரியர் என்பவரின் முதல் வேலை இதுதான் என்று நினைக்கிறேன். யூடியூபில் இன்று இல்லாத பாடம் இல்லை. நல்ல பாடங்கள்தான், நானும் பார்க்கிறேன். ஆனால் அந்த வீடியோவுக்கு நம் கை தெரியாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சொந்தமாகக் கற்ற கீபோர்டு பிளேயர்கள் பலருக்கு டிரான்ஸ்போஸ் பட்டன்தான் உயிர். பாடுகிறவரின் சுருதி ஒரு கட்டை என்றாலும் நாலரைக் கட்டை என்றாலும், விரல் மட்டும் சி ஸ்கேலிலேயே இருக்கும். பட்டனை அழுத்தி சுருதியை மாற்றிவிடுவார்கள். ஒரு அம்மன் கோயில் கொடை விழாவில் இரண்டு கீபோர்டு. பாடகி ஐந்தரைக் கட்டையில் ஒரு மெலடியை எடுத்தார். சரணம் போய்க்கொண்டிருந்தபோது ஜெனரேட்டர் நின்றது. டோலக் நிற்கவில்லை, பாடகியும் மைக் இல்லாமலே விடாமல் பாடினார், சனம் கைதட்டித் தாளம் போட்டது. கரண்ட் வந்ததும் கீபோர்டுகள் மறுபடி உயிர்பெற்றன, டிரான்ஸ்போஸ் பூஜ்யத்தில். இரண்டாம் கீபோர்டு தம்பி வழக்கமான இடத்தில் கார்டைப் பிடிக்க, அது எங்கேயோ போய் விழுந்தது. முதல் கீபோர்டுக்காரர் முறையாகப் படித்தவர். ஐந்தரைக் கட்டையின் கார்டுகளைக் கறுப்புக் கட்டைகளிலேயே நேராக வாசிப்பவர். அவருக்கு எதுவுமே நடக்கவில்லை. அந்தத் தம்பிக்கு என்னைவிட நல்ல காது. ஒரு தடவை கேட்டால் ஹார்மனியோடு எடுப்பான். அவனுக்குப் பன்னிரண்டு ஸ்கேலையும் கை பிடித்துப் பழக்கிவிட ஒருவரும் இல்லாமல் போனதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

சரி, யாரிடமும் போகாமலே சிகரம் தொட்டவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். வீணை எஸ். பாலசந்தர் வீணையைக் குருவிடம் கற்கவில்லை. கஞ்சிரா, தபலா, ஆர்மோனியம், சிதார் என்று ஒவ்வொன்றாகத் தானே பழகி வீணைக்கு வந்தவர். 1954இல் 'அந்த நாள்' படத்தை இயக்கியவரும் அவரே. ஆனால் அவர் வளர்ந்த வீட்டையும் பார்க்க வேண்டும். அண்ணன் எஸ். ராஜம் பாபநாசம் சிவனிடம் பாட்டுக் கற்றவர். அப்பா, அண்ணன், அக்கா, இவர் என்று குடும்பமே 1934இல் 'சீதா கல்யாணம்' படத்தில் நடித்தது. காலையில் கண் விழித்தால் காதில் விழுவது சங்கீதம். வீணையை எப்படிப் பிடிப்பது என்று சொல்ல ஆள் இல்லாமல் இருந்திருக்கலாம், ராகம் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்ல வீடு முழுக்க ஆள் இருந்தது.

எஸ்.பி.பி. கர்நாடக சங்கீதம் முறையாகப் பயின்றவர் இல்லை. பொறியியல் படிக்கப் போனவர். ஒரு வித்வானின் கதையான 'சங்கராபரணம்' 1980இல் வந்தபோது அந்தக் குரல் அவருடையது, தேசிய விருதும் கிடைத்தது. "பார், படிக்காமலே பாடினார்" என்பார்கள். அந்தப் பாட்டுகளுக்கு இசை கே.வி. மகாதேவன், கூடவே இருந்து பாடகருக்குச் சொல்லிக்கொடுத்தவர் உதவியாளர் புகழேந்தி. பாட்டைக் கேட்டால் ஒவ்வொரு கமகத்திலும் (சுரத்தை அசைத்துப் பாடும் வளைவிலும்) அந்த உழைப்பு தெரியும். இசைக் கல்லூரிக்குப் போகவில்லை என்பது உண்மை. யாரும் சொல்லித்தரவில்லை என்பது உண்மையில்லை.

நையாண்டி மேளக் குடும்பங்களைப் பற்றி நாம் பேசுவதும் இப்படித்தான். அப்பாவோடும் சித்தப்பாவோடும் விவரம் தெரிந்த நாளிலிருந்து கச்சேரிக்குப் போய், விடிய விடிய உட்கார்ந்து பழகிய பையனை "முறையாகப் படிக்காதவன்" என்கிறோம். எந்த டிப்ளமோவை விடவும் நீண்ட படிப்பு அது. காகிதம் இல்லை என்பதால் படிப்பே இல்லை என்று சொல்வது அநியாயம். இந்த நாட்டில் சொல்லித்தர மறுத்த கதவுகளும் உண்டு, அதனால் ஒட்டுக்கேட்டுக் கற்றவர்களும் உண்டு. அவர்களைத் தானாகக் கற்ற மேதை என்று கொண்டாடும்போது, கதவைச் சாத்தியது யார் என்ற கேள்வி காணாமல் போய்விடுகிறது.

இனி மறுபக்கம். போன வருஷம் ஒரு பெண் என்னிடம் சேர்ந்தாள். வேறொரு வகுப்பில் கீபோர்டுத் தேர்வுகளை ஐந்தாம் கிரேடு (படிநிலை) வரை முடித்தவள், நல்ல மதிப்பெண். விரல்கள் அவ்வளவு சுத்தம், பார்க்கவே ஆசையாக இருந்தது. "உனக்குப் பிடிச்ச பாட்டு ஒண்ணு வாசிம்மா" என்றேன். "நோட்ஸ் இருக்கா சார்?" என்று கேட்டாள். நோட்ஸ் இல்லாமல் வாசிக்கலாம் என்பதே அவளுக்குப் புதுச் செய்தி. கிரேடு தேர்வுக்கு மூன்று உருப்படிகளை வருஷம் முழுக்கத் தேய்த்து மெருகேற்றுகிறார்கள். காதுப் பயிற்சியும் பாடத்திட்டத்தில் உண்டுதான். ஆனால் நேரமெல்லாம் அந்த மூன்று உருப்படிக்கே போய்விடுகிறது.

அவளிடம் புத்தகத்தை மூடச் சொன்னேன். கீபோர்டையும் தொட வேண்டாம், முதலில் பாடு என்றேன். வெட்கப்பட்டாள், அப்புறம் அவள் ஆச்சி பாடும் தாலாட்டில் ஒரு வரியை முனகினாள். வரி எந்த இடத்தில் வந்து உட்காருகிறதோ அதுதான் உன் சா, அதைக் கட்டையில் தேடு என்றேன். தடவித் தடவிப் பிடித்தாள். அங்கிருந்து அடுத்த சுரம் மேலேயா கீழேயா, பக்கத்திலா தள்ளியா என்று ஒவ்வொன்றாக. முதல் நாள் அரை வரிதான் வந்தது. சில வாரம் கழித்து, நான் சொல்லாமலே அந்தத் தாலாட்டுக்கு இடது கையில் கார்டு போட்டுக்கொண்டு வந்து நின்றாள். கிரேடில் கற்ற கார்டுகள்தான். அவை எதற்கு என்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

அதனால் என்னிடம் வருகிற பெற்றோரிடம் ஒன்று சொல்கிறேன். முதலில் சில மாதம் பிள்ளை பாட்டைக் காதால் தேடட்டும், தப்பும் தவறுமாக வாசிக்கட்டும், குறுக்கே போகாதீர்கள். ஆனால் கைப்பழக்கம் இறுகுவதற்குள் யாரிடமாவது காட்டிவிடுங்கள். காசு இல்லை என்றால் மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் இருக்கின்றன. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், வயலின், மிருதங்கம், பரதம் எல்லாம் மூன்றாண்டுப் படிப்பு, கட்டணம் மிகக் குறைவு. இப்படி ஒரு வாய்ப்பு இருப்பதே எங்கள் கிராமங்களில் பல பேருக்குத் தெரியாது. நான் சிறுவனாக இருந்தபோது என்னிடமும் யாரும் சொல்லவில்லை.

அந்தப் பள்ளிகளில் ஒரு சின்ன மாற்றம் வர வேண்டும் என்பது என் ஆசை. சரளி வரிசை, ஜண்டை வரிசை என்ற ஆரம்பப் பயிற்சிகள் அப்படியே இருக்கட்டும். வாரத்தில் ஒரு மணி நேரம் மட்டும், பிள்ளைகள் தாங்கள் கேட்ட பாட்டைத் தாங்களே எடுத்து வாசிக்க விட வேண்டும். சினிமாப் பாட்டானாலும் சரி, கும்மிப் பாட்டானாலும் சரி. ஆசிரியர் பக்கத்தில் உட்கார்ந்து கையை மட்டும் பார்த்தால் போதும். எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு மணி நேரம் ஒதுக்கினால், சம்பளம் வாங்காமல் வந்து எடுக்க நான் தயார்.