குச்சிக்கிழங்கு மாவும் எத்தனாலும்: ஆய்வக நாட்குறிப்பு

ஏப்ரல் 7, திங்கள்

எத்தனால் நொதியை என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். ஆத்தூர் மாமா சேகோ (ஜவ்வரிசி) ஃபேக்டரியிலிருந்து குச்சிக்கிழங்கு மாவு கொடுத்தனுப்பியிருந்தார். காய்ச்சி ஆறவைத்து, மாவுச்சத்தை வெட்டும் நொதியான அமிலேஸ் சேர்த்தேன். நிமிடத்துக்கு ஒரு சொட்டு எடுத்து அயோடினில் விட்டேன்; நீலம் இருந்தால் மாவுச்சத்து இன்னும் வெட்டுப்படவில்லை. கருநீலம், ஊதா, செம்பழுப்பு; ஏழாவது நிமிடம் அயோடினின் மஞ்சள் மட்டும். 20% எத்தனால் கலந்த குழாயில் இருபது நிமிடமாகியும் ஊதா போகவில்லை. 40% குழாயில் மாவே பால்போலத் திரிந்துவிட்டது. மாவு படிந்தால் நொதி எதை வெட்டும்? இந்தக் கணக்கு செல்லாது.

ஏப்ரல் 9, புதன்

இன்று நொதியை மட்டும் 60% எத்தனாலில் அரை மணி நேரம் வைத்தேன். பிறகு 50 மடங்கு நீர்த்து மாவில் சேர்த்தேன். மிஞ்சிய ஆல்கஹால் 1.2% தான். எத்தனால் வெறும் இடைஞ்சல் என்றால் நொதி இப்போது மீண்டிருக்க வேண்டும். நாற்பது நிமிடம் காத்திருந்தேன், நீலம் அசையவில்லை. நொதியின் உருவமே குலைந்துவிட்டது.

நொதியின் நீருக்கு ஒட்டாத பகுதிகள் உள்ளே மடிந்து கிடக்கும். சுற்றியுள்ள தண்ணீர்தான் அந்த மடிப்பைப் பிடித்துவைக்கிறது. ஆல்கஹால் வந்ததும் அவற்றுக்கு வெளியே வரத் தயக்கமில்லை. மடிப்பு அவிழ்ந்தால் வினை நடக்கும் குழியும் கலையும். முட்டை வெள்ளைக்கருவில் ஸ்பிரிட் ஊற்றினால் வெளுத்துத் திரள்வதும் இதனால்தான்.

ஏப்ரல் 10, வியாழன்

மேடம் நோட்டைப் பார்த்துவிட்டு, "ரூம் எவ்வளவு சூடு இருந்துச்சும்மா? ஐஸ்ல வெச்சுப் பாத்தியா?" என்றார். நேற்று மதியம் 36 டிகிரி. சேலத்து ஏப்ரலை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை.

ஃப்ரீசரில் குளிர்ந்த எத்தனால், ஐஸ் தட்டு, அதே 60%, அதே அரை மணி. குழாயின் அடியில் வெள்ளையாகத் திப்பி படிந்தது. போச்சு என்றுதான் நினைத்தேன். சுழற்றி எடுத்து பஃபரில் (அமிலத்தன்மை மாறாமல் காக்கும் கரைசல்) கரைத்து மாவில் விட்டேன். ஒன்பதாவது நிமிடம் நீலம் போய்விட்டது! கை நடுங்க மறுபடி செய்தேன், அதே விடை. படிவது வேறு, குலைவது வேறு. குளிரில் மடிப்பு அவிழ்வதற்கான அசைவு இல்லை.

ஏப்ரல் 12, சனி

ஸாக்ஸ், கிளிபனோவ் என்ற ஆய்வாளர்கள் 1984-இல் வெளியிட்ட ஆய்வை மறுபடி படித்தேன். பன்றிக் கணைய லிப்பேஸ் (கொழுப்பை வெட்டும் நொதி), 0.02% தண்ணீர் மட்டுமுள்ள கரிமக் கரைப்பானில், 100 டிகிரியில். பாதி செயல் குறையவே 12 மணி நேரத்துக்கு மேல். தண்ணீரில் அந்தச் சூட்டுக்கு உடனே செத்துவிடும். அவிழ்வதற்கும் தண்ணீர் வேண்டும்! ஹெக்ஸேன் போன்ற, தண்ணீரோடு கலக்காத கரைப்பான்கள் நொதியின் மேலுள்ள மெல்லிய நீர்ப்படலத்தை அவ்வளவாக உரிப்பதில்லை, எத்தனால் உரித்துக்கொள்ளும்.

திங்களுக்கு 5, 15, 25, 35 டிகிரி என்று நான்கு குழாய்களில் ஒட்டிவைத்தேன். மாமாவிடம் இன்னும் ஒரு கிலோ மாவு சொல்லியிருக்கிறேன்.