நாவாட்ல் பேர்க் குறி பேப்பர்: ரெண்டாவது தடவை பாஸ் ஆனேன், எது உதவுச்சுன்னு சொல்றேன்

நேத்து ரிசல்ட் வந்துச்சு, பாஸ். இன்னும் கை நடுங்குது. போன தடவை பேர்க் குறி, அதாவது அஸ்டெக்குங்க பேசுன நாவாட்ல் மொழில ஒரு ஆளோட பேரப் படமா எழுதுனத வாசிக்கிற பார்ட்லதான் போச்சு, அதனால அத மட்டும் எழுதுறேன், கட்டுரைக் கேள்விய நீங்களே பாத்துப்பீங்க.

என் தப்பு என்னன்னா எல்லாப் படத்துக்கும் அர்த்தம் தேடுனது. மெண்டோசா கோடெக்ஸ்ங்கிற பழைய மெக்சிகோ படச்சுவடில வர்ற ராஜாக்கள் பேர் நம்மள அப்படிப் பழக்கிடுது, புகையுற கேடயம்னா சிமல்போபோகா, முதுகுல எரிமலைக் கண்ணாடி பதிச்ச பாம்புன்னா இட்ஸ்கோவாட்ல், பாத்ததும் புரிஞ்சிடும். பரீட்சைல வந்தது எரிமலைக் கண்ணாடி, பானை, தண்ணி. ஏதோ தண்ணி சுமக்கிறவர் பேருன்னு எழுதிட்டு வந்தேன். அதுவும் இட்ஸ்கோவாட்ல்தாங்க! வெர்காரா கோடெக்ஸ்ங்கிற இன்னொரு சுவடில இருக்கிறது, படத்தோட அர்த்தத்த விட்டுட்டு சத்தத்த மட்டும் எடுக்கணும், இட்ஸ்ட்லிலருந்து (எரிமலைக் கண்ணாடி) இட்ஸ், கோமிட்ல்லருந்து (பானை) கோ, ஆட்ல்லருந்து (தண்ணி) ஆ, கோவாட்ல்னா பாம்பு, பாம்பே வரையாம பாம்ப எழுதிட்டாங்க. ஃப்ரெஞ்சு ஆய்வாளர் ஆபின் 1849லயே காட்டுனது, நானும் படிச்சதுதான், ஆனா கண்ணால மட்டும் படிச்சிருந்தேன்.

இந்தத் தடவை ஒண்ணே ஒண்ணு பண்ணேன், படத்தப் பாத்ததும் தமிழ்லயோ ஸ்பானிஷ்லயோ பேர் சொல்லாம நாவாட்ல்லயே வாய்விட்டுச் சொன்னேன். சார்ட் போட்டு மனப்பாடம் பண்றவங்க பண்ணுங்க, எனக்குக் காதுல விழுந்தாதான் ஏறும்.

- கடைசில வர்ற ட்ல், ட்லி, இன் எல்லாத்தையும் உதிருங்க
- மேல கீழ, இடம் வலம்னு வரிசைய நம்பாதீங்க, இடத்துக்குத் தக்க அடுக்கியிருப்பாங்க
- ஆள் தலைலருந்து போற கோடு எங்க முடியுதோ அதான் பேர், உக்காந்திருக்கிற பாய் இல்ல
- கழுகு படத்துகூடக் கால்தடமும் இருந்தா அந்தக் கழுகு இறங்குதுன்னு அர்த்தம், அதான் குவாவ்டெமோக்ங்கிற ராஜா பேர்

ஸ்பானிஷ் பேர் வந்தா பயப்படாதீங்க. கத்தாழையும் வளை தோண்டுற எலியும் இருந்தா மெட்ல், டோசான், அதாவது மெ-டோசா, மெக்சிகோவ ஆள ஸ்பெயின் அனுப்புன முதல் வைஸ்ராய் மெண்டோசா! நாவாட்ல்ல 'do'ங்கிற சத்தம் கிடையாது, அதுக்கு 'to' போதும். தமிழ்ல ரெண்டு சத்தத்துக்கும் ஒரே எழுத்துங்கிறதால எனக்கு இது உடனே பிடிபட்டுச்சு.

பயிற்சிக்கு நான் எடுத்தது மெக்சிகோல வெஹோட்சின்கோங்கிற ஊர்ல 1560ல எழுதுன வரிப்பதிவுதான். ராஜா இல்ல, பெரும்பாலும் சாதாரண குடியானவங்க, ஆயிரக்கணக்குல பேர், ஒவ்வொரு தலைக்கும் பக்கத்துல லத்தீன் எழுத்துல பேரும் இருக்கும். அத ஒரு பேப்பரால மறைச்சுட்டு தினம் பத்துப் பேர சத்தமா வாசிங்க, அப்புறம் பேப்பர எடுத்துப் பாருங்க.