வெள்ளச்சிக்குத் தனி அறை

அக்டோபர் 8, பாளையங்கோட்டை

தம்பி அட்டைப்பெட்டியில் ஒரு வெள்ளை முயலைக் கொண்டுவந்தான். பெண் என்று சொல்லிக் கொடுத்தார்களாம். பிள்ளைகள் வெள்ளச்சி என்று பெயரும் வைத்தாயிற்று. வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பெண் முயல் கருப்பியோடு இப்போதே விட வேண்டும் என்று ஒரே பிடிவாதம். முடியாது என்றேன். வெள்ளச்சி மாடி அறையில், கருப்பி பின்கட்டில். குறைந்தது இரண்டு வாரம். முயல் கடைசி வரைக்கும் நோயை மறைத்துக்கொள்ளும். துள்ளி ஓடுகிறதே என்று நம்பிவிட முடியாது.

அக்டோபர் 9

மடியில் வைத்து முன்னங்கால்களின் உட்பக்கத்தைப் பார்த்தேன். மூக்கில் சளி வடிந்தால் முயல் அங்கேதான் துடைத்துக்கொள்ளும். ரோமம் காய்ந்து திரிதிரியாக ஒட்டிக் கிடக்கும். இவளுக்குச் சுத்தமாக இருக்கிறது. பெரிய ஆறுதல். சளிக்குக் காரணமான பாஸ்சுரெல்லா கிருமி தும்மலில் பரவும்; ஆறியது போலிருந்து திரும்பவும் வரும்.

தீனி முதலில் கருப்பிக்கு, அப்புறம்தான் மாடி. கிண்ணம், துடைப்பம் தனித்தனி. இறங்கி வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவி, உடை மாற்றுகிறேன்.

அக்டோபர் 13

காலையிலிருந்து தலையை உதறுகிறாள், பின்னங்காலால் காதைச் சொறிகிறாள். டார்ச் அடித்துப் பார்த்தால் காதுக்குள் பழுப்பு நிறப் பொருக்கு, அடுக்கடுக்காக. காதுச் செள், காதுத் தோலில் ஒட்டி வாழும் பொடிப் பூச்சி.

எதிர்வீட்டு மதினி பதறிப்போய், நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தை எடுத்து வந்தார். “ஒரு சொட்டு விட்டால் போதும், எல்லாம் உதிர்ந்துவிடும்” என்றார். அட்டையில் பிப்ரோனில் என்று இருந்தது. நாய்க்கு மருந்து, முயலின் உயிரையே வாங்கிவிடும். மதினியிடம் விளக்கிச் சொல்லித் திருப்பிக் கொடுத்தேன்.

அக்டோபர் 14

இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போனோம். எடை பார்த்து, செள்ளைக் கொல்லும் ஐவர்மெக்டின் ஊசி. முட்டைகள் ஊசிக்குச் சாகாது, அவை பொரித்து வருவதற்காக இரண்டு வாரத்தில் மறுபடியும் ஒன்று. பொருக்கைப் பிய்க்கவே கூடாது என்றார் மருத்துவர். அடியில் தோல் புண்ணாக இருக்கும், பிய்த்தால் முயல் துடித்துப்போகும். செள் செத்தால் தானே உதிரும்.

செள் முயலின் உடம்பை விட்டு இறங்கியும் சில வாரம் உயிரோடு இருக்குமாம். அட்டைப்பெட்டியையும் சாக்கையும் கொளுத்தினேன். கருப்பியின் காதுகளையும் பார்த்தேன். சுத்தம்.

அக்டோபர் 20

மழை. ஈரம் என்றாலே எனக்கு ரத்தக்கழிச்சல் பயம். அந்தக் கிருமியின் முட்டை புழுக்கையோடு வெளியே வந்து, ஈரத்தில் ஓரிரு நாள் கிடந்த பிறகுதான் தொற்றும் பக்குவம் பெறும். அதற்குள் கூட்டிவிட்டால் பாதி நோய் போயிற்று. சாதாரணக் கிருமிநாசினிக்கு அது மசியாது. தட்டுகளில் கொதிக்கும் நீரை ஊற்றுகிறேன். பாளையங்கால்வாய்க் கரையில் அறுத்த அருகம்புல்லையும் அலசி, நீர் வடியவிட்டே போடுகிறேன்.

அக்டோபர் 28

இரண்டாவது ஊசி. காது உட்புறம் இளஞ்சிவப்பாகத் தெளிந்துவிட்டது. மருத்துவர் மல்லாத்திப் பார்த்துவிட்டு, “இது ஆண்” என்றார். பிள்ளைகள் வாயடைத்துப் போனார்கள். எனக்கோ, நல்லவேளை என்றிருந்தது. அன்றே சேர்த்து விட்டிருந்தால் செள் ஒரு பக்கம், வயிற்றில் குட்டிகள் ஒரு பக்கம். முயலின் சினைக்காலம் 31 நாள்தான்.

காயடிக்கத் தேதி கேட்டிருக்கிறேன். அதற்குப் பிறகும் சில வாரங்களுக்கு ஆணால் சினையாக்க முடியும் என்பதால் ஆறு வாரம் பொறுக்க வேண்டும். காது முழுதும் குணமானதும், இடையில் கம்பிவலை வைத்து, எட்ட இருந்தே ஒன்றை ஒன்று பார்க்க விடலாம். பெயரை மாற்ற மாட்டோம் என்று பிள்ளைகள் சொல்லிவிட்டார்கள்.