இடையன்குடியில் கல்லறையைக் கடைசியில் பாருங்கள்

திருநெல்வேலி மாவட்டத்து இடையன்குடிக்கு வருகிறவர்களில் பலர் பத்தே நிமிடத்தில் திரும்பிவிடுகிறார்கள். வண்டி ஆலய வாசலில் நிற்கும். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதிய மிஷனரி பிஷப் கால்டுவெல் ஐயர் அடக்கமாகியிருக்கும் இடத்தைப் பார்ப்பார்கள், படம் எடுப்பார்கள், உவரி அந்தோனியார் கோயிலுக்கு நேரமாகிறதென்று கிளம்பிவிடுவார்கள். இப்படிப் பார்த்தால் ஊர் கண்ணில் படாது. அவருடைய மனைவி எலைசா அம்மையாரின் நினைப்பே வராது. இது ஒரு தனி மனிதரின் ஊர் அல்ல. 1844-ல் திருமணமாகி, முதுமை வரை ஊழியத்திலேயே இருந்த கணவன் மனைவி இருவரின் ஊர்.

திருநெல்வேலியிலிருந்து வந்தாலும் நாகர்கோவிலிலிருந்து வந்தாலும் பக்கத்துப் பெரிய ஊர் திசையன்விளைதான். சாப்பாடு, தண்ணீர் பாட்டில், ஆட்டோ பேச்சு எல்லாவற்றையும் அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். வசதி இருந்தால் நாகர்கோவில் வழியே வருவது நல்லது, ஏனென்றால் அம்மையாரின் கதை அங்கேதான் தொடங்குகிறது. அவருடைய பெற்றோர் சார்லஸ் மால்ட், மார்த்தா மால்ட் தம்பதி, லண்டன் மிஷனரிகளாக 1819-லேயே நாகர்கோவிலுக்கு வந்தவர்கள். மார்த்தா அம்மையார் அங்குள்ள பெண்பிள்ளைகளுக்கு ரேந்தைப் பின்னல் (லேஸ்) கற்றுக்கொடுத்தார். திண்டு ஒன்றின் மேல் மாதிரியை விரித்து, அதன் புள்ளிகளில் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய சிறு மரக்கட்டைகளை ஜோடி ஜோடியாக மாற்றிப் போட்டுப் பின்னுகிற வேலை அது. ஒரு கட்டை இடம் மாறினாலும் அந்தப் பிழை வரை பிரிக்க வேண்டியதுதான். அம்மாவிடமிருந்து அந்தக் கலை மகளோடு இடையன்குடிக்கு வந்தது. தமிழ் கேட்டே வளர்ந்தவர் என்பதால் ஊர்ப் பெண்களிடம் பேச எலைசாவுக்கு இடையில் ஆள் தேவைப்படவில்லை. ஐயரின் இலக்கணப் புலமையைப் பற்றிப் பேசுகிறவர்கள் வீட்டுக்குள் இருந்த இந்தத் தமிழை மறந்துவிடுகிறார்கள்.

எந்த நாளில் வருவது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். ஆராதனையில் உட்காருவதானால் ஞாயிறு காலை வாருங்கள். சுற்றிப் பார்க்க மட்டும் என்றால் அன்று வேண்டாம், உள்ளே நடமாட முடியாது. மற்ற நாட்களில் ஆலயம் பூட்டியிருக்கக்கூடும். கதவைத் தட்டிப் பயனில்லை. ஆலயத்தைக் கவனித்துக்கொள்ளும் கோயில்பிள்ளையைத் தேடிப் பிடியுங்கள், அல்லது சேகரகுரு (சபைப் போதகர்) வீட்டில் கேளுங்கள். கூட்டமாக வருகிறவர்கள் முந்தின நாளே சொல்லி வைப்பதுதான் மரியாதை. ஐயர் வாழ்ந்த வீடு 2011 முதல் அரசின் நினைவு இல்லம். அது எப்போது திறந்திருக்கும் என்பதையும் அப்போதே விசாரித்துக்கொள்ளுங்கள்.

வெயில் தாழ்ந்த பிறகு, சுமார் நான்கு மணிக்கு, ஊரின் வெளிப்புறத்திலிருந்து நடக்கத் தொடங்குங்கள். தேரிக்காட்டுச் செம்மணலையும் பனைகளையும் முதலில் பார்க்க வேண்டும். உச்சிவேளையில் இந்த மணல் கொதிக்கும், சாதாரணச் செருப்புக்குள்ளும் ஏறிவிடும். 1838 ஜனவரியில் சென்னையில் கப்பலிறங்கிய ஐயர், 1841-ல் தரங்கம்பாடி, தஞ்சாவூர், நீலகிரி என்று சுற்றிக் கால்நடையாகவே இந்த மணலுக்கு வந்து சேர்ந்தார். பனையேறிப் பிழைத்த மக்கள்தான் அவருடைய சபை. அவர்களைப் பற்றி 1849-ல் அவர் வெளியிட்ட சிறு நூல் அந்தச் சமூகத்தாரை மிகவும் புண்படுத்தியது. எதிர்ப்பு வலுத்த பிறகு அதைப் புழக்கத்திலிருந்து விலக்கிக்கொண்டார். பக்தியோடு வருகிறவர்கள் இதையும் தெரிந்துகொண்டு வருவதே நேர்மை.

மணலிலிருந்து ஊருக்குள் வந்தால் நேர்கோட்டில் தெருக்கள். அவற்றில் அவசரப்படாமல் நடந்து நினைவு இல்லத்துக்குப் போங்கள். எலைசா பெண்பிள்ளைகளுக்கு விடுதிப் பள்ளி நடத்தியதும் ரேந்தை கற்றுக்கொடுத்ததும் இங்கேதான். பிரசங்கம் கேட்க ஆண்கள் வந்தார்கள். எழுத்து வீட்டுக்குள் நுழைந்தது பெண்பிள்ளைகள் வழியாகத்தான்.

கடைசியாக ஆலயம். தூய திரித்துவ ஆலயத்தின் வேலை 1847-ல் தொடங்கியது, பிரதிஷ்டை நடந்தது 1880-ல். முப்பத்துமூன்று வருடம்! அதற்குள் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வெளிவந்துவிட்டது (1856), ஐயர் கல்கத்தாவில் பிஷப்பாகவும் அபிஷேகம் பெற்றுவிட்டார் (1877). வாசலில் செருப்பைக் கழற்றிவிடுங்கள். நுழைந்ததும் பலிபீடத்தை நோக்கி விரையாமல் பின்வரிசையில் சற்று உட்காருங்கள். கோத்திக் பாணி ஜன்னல்களின் கல்வேலை அங்கிருந்துதான் முழுசாகத் தெரியும். மேகமூட்டமானால் உள்ளே சீக்கிரம் இருட்டிவிடும். வயதானவர்களைக் கூட்டி வந்தால் கையில் டார்ச் இருக்கட்டும், படியும் தெரியும், கல்லெழுத்தும் தெரியும்.

பலிபீடக் கிராதியைத் தாண்டுமுன் அனுமதி கேளுங்கள். கல்லறைதான் உள்ளே போகக் காரணம் என்றாலும் அது திருவிருந்து நடக்கிற இடம். படம் எடுக்கலாமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். 1891 ஜனவரியில் பொறுப்பிலிருந்து விலகிய ஐயர் கொடைக்கானலில் தங்கினார். அங்கேயே ஆகஸ்ட் 28 அன்று, 77-ஆம் வயதில் காலமானார். மலையிலேயே அடக்கம் செய்துவிடாமல் இந்த மணலுக்கே கொண்டுவந்தார்கள். எட்டு வருடம் கழித்து, 1899-ல் எலைசா அம்மையாரும் போய்ச் சேர்ந்தார். அவர் அடக்கமானதும் இதே ஆலயத்தில்தான். வழிகாட்டுகிறவர் ஐயரின் பெயரோடு நிறுத்திவிடக்கூடும், அம்மையாரின் இடத்தைக் கேட்டுப் பாருங்கள்.

ஜெபிக்க விரும்புகிறவர்கள் பழைய மொழிபெயர்ப்பு வேதாகமத்தைக் கையில் எடுத்து வாருங்கள். அதைத் திருத்திய ஹென்றி பவர் ஐயரின் குழுவில் கால்டுவெல்லும் இருந்தார். ஒரு சங்கீதம் வாசிக்க ஐந்து நிமிடம் போதும். சத்தமாக வாசிப்பதானால் கோயில்பிள்ளையிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், மணி அடிக்கிற நேரமாக இருக்கலாம். பஸ்ஸில் வந்தவர்கள் திசையன்விளைக்குத் திரும்பும் கடைசி வண்டி எப்போது என்பதை இறங்கும்போதே நடத்துனரிடம் கேட்டு வையுங்கள்.