முதுகில் எட்டு கிலோ கேழ்வரகு

அக்டோபரில் நேபாளத்தின் அன்னபூர்ணா மலைகளைச் சுற்றிவரும் பாதையில் நடக்கப் போகிறேன். பயிற்சியெல்லாம் கிருஷ்ணகிரி சையத் பாஷா மலையில்தான், வாரத்தில் மூன்று நாள். பையில் எட்டு கிலோ கேழ்வரகு. முதலில் தண்ணீர் பாட்டில்களைத்தான் வைத்தேன். தளும்பித் தளும்பி நடையையே கெடுத்தது. "களி கிண்ட வாங்கினதை மலைக்குத் தூக்கிட்டுப் போறியேடா" என்று அம்மா தினமும் திட்டுகிறார்.

ஏறும்போது மூச்சுதான் வாங்கும். இறங்கும்போதுதான் வினை. சரியான அளவு என்று வாங்கிய ஷூவில், பாறைச் சரிவில் ஒவ்வொரு அடிக்கும் பெருவிரல் முன்னால் போய் முட்டியது. இரண்டே வாரத்தில் இடது கால் நகம் நாவல்பழ நிறத்துக்கு வந்துவிட்டது. இப்போது அரை அளவு பெரிய ஷூ. இறங்குமுன் கணுக்கால் பக்கம் லேஸை இறுக்கிக் கட்டிக்கொள்கிறேன்.

சரி, கால் தயாராகிவிடும். நுரையீரல்? அந்தப் பாதையில் கடக்க வேண்டிய தோரோங் லா கணவாயின் உயரம் 5,416 மீட்டர். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், கடல் மட்டத்தில் கிடைப்பதில் ஏறத்தாழ பாதிதான். அதற்கு நம் ஊரில் பயிற்சியே கிடையாது. 3,000 மீட்டரைத் தாண்டினால், இரவு தங்கும் இடத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது என்பார்கள். அதனால் உயரத்துக்கு உடல் பழக, வழியில் மனாங் என்ற ஊரில் ஒரு நாள் கூடுதலாகத் தங்கப் போகிறேன். அந்த ஒரு நாள் லீவுக்குத்தான் ஆபீசில் இன்னும் பேச்சுவார்த்தை நடக்கிறது.